வேண்டாம் என்று சொல்லக்கூடிய ஆள்

"லீகல் எல்லாம் பார்த்தாச்சு சார், கிளியர் டைட்டில்." வீடு தேடி அலைகிற எவரும் முதல் வாரத்திலேயே கேட்டுவிடுகிற வாக்கியம் இது. சொல்பவர் பெரும்பாலும் புரோக்கர், சில சமயம் விற்பவரின் மைத்துனர். பொய் சொல்ல வேண்டும் என்று நினைத்து அவர்கள் அப்படிச் சொல்வதில்லை. ஆனால் நாம் தலையாட்டிவிட்டு அட்வான்ஸைப் பற்றிப் பேசத் தொடங்கிவிடுகிறோம். பார்த்தது யார், யாருக்காகப் பார்த்தார், அவருக்கு ஃபீஸ் கொடுத்தது யார் என்று கேட்பதே இல்லை.

நிதானமாகப் பேச வேண்டிய விஷயம். டீயைச் சொல்லிவிட்டு உட்காருங்கள்.

தமிழ்நாட்டில் ஒரு வீடு கைமாறும்போது நம்மைச் சுற்றி நாலைந்து பேர் சேர்ந்துவிடுகிறார்கள். புரோக்கர், பத்திரம் எழுதுகிற ஆவண எழுத்தர், கடன் வாங்கினால் வங்கியின் பேனல் வழக்கறிஞர், புது அடுக்ககம் என்றால் பில்டரின் வழக்கறிஞர். இவர்களில் யாரை நம்பலாம், எவ்வளவு நம்பலாம் என்று தெரிந்துகொள்ள ஆளின் முகத்தைப் பார்க்க வேண்டியதில்லை. இவருக்கு எப்போது பணம் கிடைக்கிறது என்று பாருங்கள், போதும். புரோக்கருக்குப் பேரம் முடிந்தால்தான் கமிஷன். ஆவண எழுத்தருக்குப் பத்திரம் பதிவானால்தான் கூலி. பில்டரின் வழக்கறிஞருக்கு ஃபீஸ் கொடுப்பவர் பில்டர். நமக்காக மட்டும் வேலை செய்கிற, நாம் வீடு வாங்கினாலும் வாங்காவிட்டாலும் ஃபீஸ் கிடைக்கிற ஒரே ஆள், நாமே போய்ப் பிடித்த வழக்கறிஞர்தான். ஆகவே "இந்த வீடு வேண்டாம்" என்று நட்டமில்லாமல் சொல்லக்கூடியவரும் அவர் ஒருவர்தான்.

வங்கி வழக்கறிஞர் விஷயத்தில்தான் படித்தவர்களே வழுக்கி விழுகிறார்கள். "பேங்க்லயே லோன் குடுத்துட்டான், அப்புறம் என்ன?" என்பார்கள். பேனல் வழக்கறிஞரின் கட்டணம் பெரும்பாலும் நம் தலையில்தான் விழுகிறது. ஆனால் அவருடைய அறிக்கை வங்கிக்குப் போகிறது. கொடுத்த கடனுக்கு இந்தச் சொத்து ஈடாகுமா என்பது வங்கியின் கவலை. கடன் வீட்டு மதிப்பில் ஒரு பங்குதான். அதோடு உங்கள் சம்பளத்தையும் பார்த்துத்தான் கொடுக்கிறார்கள். சொத்தில் சிக்கல் வந்தாலும் மாதத் தவணையை நீங்கள் கட்டித்தான் ஆக வேண்டும். கடன் கிடைத்தது நல்ல அறிகுறி, அவ்வளவுதான். "புராஜெக்ட் பேங்க் அப்ரூவ்டு" என்ற பலகைக்கும் அதே மதிப்புதான்.

அரசாங்கமே பதிவு செய்து கொடுக்கிறதே, அது போதாதா என்று கேட்கலாம். போதாது. இங்கிலாந்தில் நிலப் பதிவேட்டில் உங்கள் பெயர் ஏறிவிட்டால் அந்த உரிமைக்கு அரசே உத்தரவாதம். இங்கே அப்படி இல்லை. 1908ஆம் ஆண்டின் பதிவுச் சட்டம் பத்திரத்தைப் பதிவு செய்கிறது, உரிமையை அல்ல. தமிழ்நாட்டிலிருந்து போன ஒரு வழக்கில் 2025 ஏப்ரலில் உச்ச நீதிமன்றம் இதைத் திரும்பவும் சொன்னது: எழுதிக் கொடுப்பவருக்கு அந்தச் சொத்தில் உரிமை இருக்கிறதா என்று ஆராய்வது சார்பதிவாளரின் வேலையில்லை. பட்டாவும் வருவாய்த் துறையின் கணக்குதான். அதை மட்டும் வைத்து உரிமையை நிலைநாட்ட முடியாது என்று நீதிமன்றங்கள் பலமுறை சொல்லிவிட்டன. போதாக்குறைக்கு, 1980களில் நடந்த நில உடைமை மேம்பாட்டுத் திட்டத்தின்போது (யுடிஆர்) பெயர் மாறிப்போன பட்டாக்கள் இன்னும் மாவட்டந்தோறும் கிடக்கின்றன. "யுடிஆர் தப்பு" என்று தாலுகா ஆபீஸில் சொல்வார்கள்.

ஈசி என்கிற வில்லங்கச் சான்றிதழும் அப்படித்தான். பதிவுத்துறையின் இணையதளத்தில் வீட்டிலிருந்தே எடுத்துவிடலாம், நல்ல வசதி. ஆனால் பதிவானது மட்டும்தான் அதில் வரும். உயிலைப் பதிவு செய்ய வேண்டும் என்று கட்டாயமில்லை. பதியாத உயில் ஈசியில் வராது. நீதிமன்றத்தில் நடந்துகொண்டிருக்கிற பாகப்பிரிவினை வழக்கு பெரும்பாலும் வராது. வழக்கு நடக்கும்போது சொத்தை வாங்கினால், அதன் தீர்ப்பு சொத்தை வாங்கியவரையும் கட்டுப்படுத்தும். 1882ஆம் ஆண்டின் சொத்துரிமை மாற்றுச் சட்டத்தின் 52ஆம் பிரிவு அதைத்தான் சொல்கிறது. மூலப்பத்திரத்தை வங்கியில் ஒப்படைத்து வாங்கிய கடனுக்கான ஆவணத்தைப் பதிவது தமிழ்நாட்டில் 2012 டிசம்பரிலிருந்துதான் கட்டாயம். அதற்கு முந்தைய அடமானம் ஈசியில் தெரியாமல் போகலாம். செர்சாய் என்ற மத்தியப் பதிவேடு 2011 முதல் இருக்கிறது, கட்டணம் கட்டி யாரும் அதில் தேடலாம். உங்கள் வழக்கறிஞர் அதைத் தேடுவாரா என்பதும் கேட்டுவைக்க வேண்டிய கேள்வி.

இனி நல்ல வழக்கறிஞர் என்ன செய்கிறார் என்று கிட்டத்தில் போய்ப் பார்ப்போம். ஒரு வீட்டை உதாரணமாக வைத்துக்கொள்ளுங்கள். விற்பவருக்கு நாற்பது வயது. 2010இல் அவருடைய அப்பா அவருக்கு எழுதிக் கொடுத்த செட்டில்மெண்ட் பத்திரம் இருக்கிறது. பட்டா அவர் பெயரில். வீட்டு வரி ரசீது, மின் இணைப்பு எல்லாம் அவர் பெயரில். 1996லிருந்து எடுத்த முப்பது வருட ஈசியில் அந்த ஒரு செட்டில்மெண்டைத் தவிர வேறு எதுவும் இல்லை. புரோக்கர் சொன்ன 'கிளியர் டைட்டில்' இதுதான்.

வழக்கறிஞர் ஈசியைக் கீழே வைத்துவிட்டு 2010ஆம் ஆண்டுப் பத்திரத்தைக் கையில் எடுக்கிறார். சொத்து விவரத்துக்குப் போவதற்கு முன் உள்ள பத்தியைப் படிக்கிறார். 1995ஆம் ஆண்டு பாகப்பிரிவினைப் பத்திரப்படி தனக்குப் பாத்தியப்பட்டு அனுபவித்து வருகிற சொத்து என்று அப்பா எழுதியிருக்கிறார். 1995. ஈசி தொடங்குகிற வருடத்துக்கு ஒரு வருடம் முந்தியது! அந்தப் பாகப்பிரிவினையைப் பார்த்தால், அண்ணன் தம்பி இருவர் மட்டும் கையெழுத்துப் போட்டிருக்கிறார்கள். சொத்தோ அவர்களுடைய அப்பா 1962இல் தன் சம்பாத்தியத்தில் வாங்கியது. அவர் 1984இல் காலமானார், உயில் எதுவும் எழுதவில்லை. அவருடைய மனைவி அதற்கு முன்பே இறந்துவிட்டார்.

வழக்கறிஞர் விற்பவரிடம் கேட்கிறார்: "தாத்தாவுக்கு எத்தனை பிள்ளைங்க?"

"ரெண்டு பேர் சார், அப்பாவும் சித்தப்பாவும்."

"பொண்ணுங்க?"

"ரெண்டு அத்தை இருக்காங்க. அவங்களுக்கெல்லாம் கல்யாணத்துலயே சீர் செஞ்சு முடிச்சாச்சு சார்."

இந்த இடத்தில் வழக்கறிஞர் பேனாவை மூடிவிடுவார். சீர் கொடுத்ததால் பங்கு போய்விடாது. இந்து வாரிசுரிமைச் சட்டம் வந்த 1956லிருந்தே, உயில் இல்லாமல் இறந்த தகப்பனின் சுயசம்பாத்தியத்தில் மகளுக்கும் மகனுக்கும் சம பங்கு. நான்கு பிள்ளைகள் என்றால் ஆளுக்குக் கால் பங்கு. ஆக அந்த வீட்டில் பாதி, கையெழுத்தே போடாத இரண்டு அத்தைகளுடையது. அத்தைகள் இன்றைக்குச் சண்டைக்கு வராமல் இருக்கலாம். அந்த வீட்டின் விலை தெரிந்த நாளில் அவர்களுடைய பிள்ளைகள் வருவார்கள்.

இது பூர்வீகச் சொத்தாக இருந்தால் கணக்கு இன்னும் நுணுக்கமாகும். தமிழ்நாடு அரசு கொண்டுவந்த திருத்தம் 1989 மார்ச் 25 முதல் நடைமுறைக்கு வந்தது. அன்றைக்குத் திருமணமாகாதிருந்த மகள்களுக்குப் பிறப்புரிமை கொடுத்தது. திருமணமானவர்களையும் சேர்த்து எல்லா மகள்களுக்கும் அந்த உரிமையைக் கொடுத்தது 2005 செப்டம்பரில் வந்த மத்தியத் திருத்தம். அப்பா அந்தத் தேதியில் உயிரோடு இருந்திருக்க வேண்டுமா என்ற குழப்பத்தை 2020இல்தான் உச்ச நீதிமன்றம் தீர்த்துவைத்தது, தேவையில்லை என்றது. குடும்பம் கிறிஸ்தவக் குடும்பமோ முஸ்லிம் குடும்பமோ என்றால் பங்குக் கணக்கே வேறு. இடையில் எங்காவது ஒரு மைனரின் பங்கை நீதிமன்ற அனுமதி இல்லாமல் விற்றிருந்தால், அந்தப் பிள்ளை வயதுக்கு வந்த பிறகு மூன்று வருடத்துக்குள் வழக்குப் போட்டு அதை ரத்து செய்யக் கேட்கலாம். இவை எதுவும் ஈசியில் எழுதியிருக்காது. பத்திரத்தை வரிவரியாகப் படித்து, குடும்பத்தில் யார் யார் என்று கேட்கத் தெரிந்த ஆள் வேண்டும்.

நல்ல செய்தி, இதெல்லாம் பெரும்பாலும் சரிசெய்யக்கூடியவை. அத்தைகள் இருவரையும் கூப்பிட்டு, அவர்களுக்குச் சேர வேண்டியதைப் பேசி முடித்து, விடுதலைப் பத்திரம் எழுதி வாங்கலாம். அல்லது அவர்களும் கிரயப் பத்திரத்தில் சேர்ந்து கையெழுத்துப் போடலாம். வாரிசுச் சான்றிதழை வட்டாட்சியர் அலுவலகத்தில் வாங்கி வைத்துக்கொள்ள வேண்டும். ஆனால் இதை அட்வான்ஸ் கொடுப்பதற்கு முன் கேட்டால் விற்பவர் ஓடியாடிச் செய்வார். பதிவு முடிந்த பிறகு கேட்டால் போனை எடுக்க மாட்டார்.

சரி, அப்படிப்பட்ட வழக்கறிஞரை எங்கே தேடுவது? விளம்பரத்தில் தேடாதீர்கள். வழக்கறிஞர்கள் விளம்பரம் செய்யவே இந்திய பார் கவுன்சில் விதிகள் அனுமதிப்பதில்லை. இணையத்தில் வழக்கறிஞர்களைப் பட்டியல் போட்டு விற்கிற தளங்கள் மீது நடவடிக்கை எடுக்கச் சொல்லி 2024 ஜூலையில் சென்னை உயர் நீதிமன்றமே உத்தரவிட்டது. விசாரிப்பதுதான் வழி. சொத்து எந்த ஊரில் இருக்கிறதோ அந்த ஊர் முன்சீப் கோர்ட்டிலோ சார்பு நீதிமன்றத்திலோ சிவில் வழக்கு நடத்துகிறவர் நல்லது. அந்தப் பக்கத்தில் எந்த சர்வே எண்ணில் கோயில் நிலம் வருகிறது, எது பஞ்சமி நிலம், எந்த லே-அவுட்டில் பூங்காவுக்கு விட்ட இடத்தை மனையாக்கி விற்றார்கள் என்பதெல்லாம் அவருக்கு விரல் நுனியில் இருக்கும். உங்கள் ஒன்றுவிட்ட அண்ணன் சென்னையில் பெரிய கிரிமினல் வக்கீலாக இருக்கலாம். அவருக்குப் பொங்கல் வாழ்த்து சொல்லுங்கள். தஞ்சாவூர் மனைக்கு அவரைக் கூப்பிடாதீர்கள்.

போய் உட்கார்ந்ததும் நேரடியாகவே கேட்கலாம். தப்பாக நினைக்க மாட்டார். நினைத்தால் அவர் உங்களுக்கு வேண்டாம். எத்தனை வருடத்துக்குப் பின்னோக்கிப் பார்ப்பீர்கள்? நாங்கள் கொடுக்கிற ஜெராக்ஸை மட்டும் பார்ப்பீர்களா, பதிவு அலுவலகத்திலிருந்து சான்றிட்ட நகல் எடுத்து ஒப்பிடுவீர்களா? கோர்ட் வழக்கு இருக்கிறதா என்று விற்பவர் பெயரில் தேடுவீர்களா? கிரயப் பத்திரத்தின் டிராஃப்டை நீங்களே எழுதுவீர்களா, இல்லையென்றால் திருத்தியாவது கொடுப்பீர்களா? விற்பவர் தரப்புக்கோ பில்டருக்கோ நீங்கள் ஏற்கெனவே வேலை செய்கிறீர்களா? எல்லாவற்றையும் விட எனக்குப் பிடித்த கேள்வி ஒன்று: கடைசியாக எந்தக் காரணத்துக்காக ஒரு சொத்தை வாங்க வேண்டாம் என்று சொன்னீர்கள்? வேலை தெரிந்தவர் பெயரைச் சொல்லாமல் கதையைச் சொல்வார். "அப்படி எதுவும் வந்ததில்லையே" என்பவரிடம் நன்றி சொல்லிவிட்டு எழுந்துவிடலாம்.

ஃபீஸை முன்கூட்டியே மொத்தமாகப் பேசுங்கள். பேரம் முடிந்தால் இவ்வளவு என்று பேசவே கூடாது. வழக்கின் முடிவை வைத்து ஃபீஸ் பேசக் கூடாது என்பது பார் கவுன்சில் விதி; அந்த விதியின் நியாயம் வீடு வாங்குகிற இடத்துக்கும் அப்படியே பொருந்தும். முடிந்தால்தான் ஃபீஸ் என்றால் வழக்கறிஞரும் புரோக்கராகிவிடுகிறார். புரோக்கரே கூட்டிவருகிற வழக்கறிஞரை நான் வேண்டாம் என்பதும் இதனால்தான். அவர் நேர்மையானவராகவே இருக்கலாம். ஆனால் அடுத்த மாதமும் அடுத்த வருடமும் அவருக்கு வேலை கொண்டுவரப் போவது நீங்கள் அல்ல.

கணக்கையும் பார்த்துவிடுவோம். 60 லட்ச ரூபாய் வீடு. முத்திரைத் தீர்வை 7 சதவீதம், பதிவுக் கட்டணம் 2 சதவீதம். ஆக அரசுக்கு 5 லட்சத்து 40 ஆயிரம். புரோக்கர் கமிஷன் ஒன்றிலிருந்து இரண்டு சதவீதம் என்றால் 60 ஆயிரத்திலிருந்து ஒரு லட்சத்து 20 ஆயிரம். வழக்கறிஞருக்கு? சாதாரணமாகச் சில ஆயிரங்கள், சிக்கல் இருந்தால் கொஞ்சம் கூட. இந்தப் பட்டியலிலேயே சின்னத் தொகை அதுதான், நாம் உட்கார்ந்து பேரம் பேசுவதும் அதில்தான்.

வழக்கறிஞர் தருகிற லீகல் ஒப்பீனியனை வாங்கிப் பீரோவில் வைத்துவிடாதீர்கள், படியுங்கள். ஒன்றரைப் பக்கத்தில் "பார்வையிட்டேன், தெளிவான, விற்கத்தக்க உரிமை உள்ளது" என்று முடித்திருந்தால் அது கடிதம், ஒப்பீனியன் ஆகாது. என்னென்ன பத்திரங்களைப் பார்த்தார், அவற்றில் எது அசல், எது நகல், எந்த வருடம் முதல் எந்த வருடம் வரை ஈசி பார்த்தார், யாரிடமிருந்து யாருக்கு எப்படிச் சொத்து வந்தது என்பது சங்கிலி போல எழுதியிருக்க வேண்டும். கடைசியில், பதிவுக்கு முன் இன்னும் வாங்க வேண்டியவை என்று ஒரு பட்டியல் இருக்க வேண்டும். உண்மையாகப் பார்த்தவரின் ஒப்பீனியனில் அந்தப் பட்டியல் கிட்டத்தட்ட எப்போதும் இருக்கும். பிளாட் என்றால் நிலத்தில் பிரிக்கப்படாத பங்கு எத்தனை சதுர அடி, அது பத்திரத்தில் சரியாக ஏறியிருக்கிறதா என்பதும் வர வேண்டும். மனை என்றால் டிடிசிபி அல்லது சிஎம்டிஏ அனுமதி எண். பஞ்சாயத்து அப்ரூவல் என்று யாராவது சொன்னால், அங்கீகாரமில்லாத மனைகளைப் பதியக் கூடாது என்று 2016இல் உயர் நீதிமன்றம் தடை போட்டது அவருக்கு ஞாபகம் இருக்கிறதா என்று கேளுங்கள்.

பவர் ஏஜென்ட் மூலமாக விற்பனை என்றால் இன்னும் ஒரு படி கவனம். அதிகாரம் கொடுத்தவர் இறந்துவிட்டால் பொதுவாகப் பவரும் அதோடு செத்துவிடும். அவர் வெளிநாட்டில் இருக்கிறார் என்றால் வீடியோவிலாவது அவரோடு ஒரு தடவை பேசிவிடுங்கள். பவரை மட்டுமே வாங்கி வைத்துக்கொண்டு வீடு என் பெயருக்கு வந்துவிட்டது என்று யாரும் நினைக்க முடியாது. 2011இல் உச்ச நீதிமன்றம் அதை முடித்துவைத்துவிட்டது.

இவ்வளவு சொன்னதால் புரோக்கர்கள் மேல் எனக்குக் கோபம் என்று எடுத்துக்கொள்ள வேண்டாம். நல்ல புரோக்கர் ஊருக்கே ஒரு நடமாடும் பதிவேடு. எந்தத் தெருவில் மழைக்குத் தண்ணீர் நிற்கும், எந்தக் கிணறு ஏப்ரலில் வற்றும், எந்த ஓனருக்கு அவசரம், எந்த ஓனர் விலை கேட்டுப் பார்க்கவே வீட்டைக் காட்டுகிறார் என்பதெல்லாம் அவருக்குத்தான் தெரியும். மேலே சொன்ன அத்தைகளைச் சமாதானப்படுத்தி, காரில் ஏற்றிப் பதிவு அலுவலகத்துக்குக் கூட்டிவருவதும் கடைசியில் அவராகத்தான் இருக்கும். அந்த வேலைக்குக் கமிஷன் நியாயமானது. டைட்டிலைப் பற்றிய தீர்ப்பை மட்டும் அவரிடம் கேட்காதீர்கள்.

புரோக்கரைத் தேர்ந்தெடுக்கும்போது முதலில் கேட்க வேண்டியது, "ஓனர் உங்களுக்கு நேரடியா?" என்பது. ஒரு வீட்டுக்கு நாலு பேர் சங்கிலியாக நிற்பது சகஜம். ஒருவர் ஓனரை அறிந்தவர், ஒருவர் அவரை அறிந்தவர், ஒருவர் போட்டோ வைத்திருப்பவர், ஒருவர் உங்களைக் கூட்டிவந்தவர். கமிஷன் எவ்வளவு, அதை யாரிடம் கொடுப்பது, இரண்டு பக்கமும் வாங்குகிறாரா என்பதை வீடு பார்க்கப் போகும் முன்பே பேசி, வாட்ஸ்அப்பிலாவது எழுத்தில் வாங்கிவிடுங்கள். பதிவு அன்று சார்பதிவாளர் அலுவலக வாசலில் புதிதாக ஒருவர் வந்து நின்று "எனக்கும் சேரணும் சார்" என்பதற்கு அதுதான் மருந்து.

புது புராஜெக்ட் என்றால் சட்டமே உங்களுக்குத் துணை. 2016ஆம் ஆண்டு ரியல் எஸ்டேட் சட்டப்படி (ரேரா), 500 சதுர மீட்டருக்கு மேற்பட்ட நிலத்தில் வருகிற, எட்டு வீட்டுக்கு மேற்பட்ட புராஜெக்ட்டைப் பதிவு செய்யாமல் விற்க முடியாது. அதை விற்றுக் கொடுக்கிற ஏஜென்டும் பதிவு பெற்றிருக்க வேண்டும். தமிழ்நாடு ரேரா இணையதளத்தில் புராஜெக்ட், ஏஜென்ட் இரண்டின் பதிவு எண்ணையும் சரிபார்க்கலாம். பதிவான ஒப்பந்தம் போடாமல் விலையில் 10 சதவீதத்துக்கு மேல் அட்வான்ஸ் வாங்கவும் பில்டருக்கு உரிமையில்லை. ஆனால் ஒருவர் குடியிருந்த பழைய வீட்டைக் கைமாற்றிவிடுகிற புரோக்கருக்கு இந்தச் சட்டத்தில் பதிவு தேவையில்லை. அங்கே உங்கள் விசாரணைதான் பாதுகாப்பு.

விற்கிறவர்களுக்கும் நாலு வார்த்தை. "உங்க கைக்கு எண்பது வந்தா போதும்ல? மேல வர்றத நான் பாத்துக்கறேன்" என்று ஒரு புரோக்கர் சொன்னால், அவர் உங்களுக்காக வேலை செய்யவில்லை என்று அர்த்தம். அந்த 'மேல' எவ்வளவு என்பது உங்களுக்குத் தெரியாது, வாங்குகிறவருக்கும் தெரியாது. பதிவு அன்று தெரியவரும்போது இரண்டு பக்கமும் மனக்கசப்புதான் மிச்சம். சதவீதக் கமிஷனே பேசுங்கள். சின்ன அட்வான்ஸில் அக்ரிமெண்ட் போட்டுக்கொண்டு, அந்த அக்ரிமெண்ட்டையே இன்னொருவருக்கு விற்க அலைகிறவர்களும் உண்டு. தமிழ்நாட்டில் விற்பனை ஒப்பந்தத்தையும் பதிய வேண்டும் என்பது 2012 டிசம்பரிலிருந்து சட்டம். ஒப்பந்தத்தில் கெடு தேதி, கெடு தாண்டினால் அட்வான்ஸ் என்னாகும் என்பது இருக்கட்டும்.

அசல் பத்திரத்தை எந்தப் புரோக்கர் கையிலும் கொடுத்தனுப்பாதீர்கள். நகல் கொடுங்கள், அதன் குறுக்கே "பார்வைக்கு மட்டும்" என்று எழுதித் தேதி போட்டுக் கொடுங்கள். மூலப்பத்திரம் தொலைந்துபோனால் போலீஸ் புகார், பத்திரிகை விளம்பரம், கண்டுபிடிக்க முடியவில்லை என்ற சான்று என்று மாதக்கணக்கில் அலைய வேண்டியிருக்கும். உங்கள் குடும்பத்திலும் கையெழுத்துப் போடாத அக்கா தங்கை இருந்தால், வீட்டை விலைக்கு வைப்பதற்கு முன்பே ஒரு வழக்கறிஞரைப் பார்த்துச் சரிசெய்துவிடுங்கள். வாங்குகிறவர் கண்டுபிடித்தால் விலையைக் குறைப்பார்.

ஆவண எழுத்தரைப் பற்றி அதிகம் சொல்ல வேண்டியதில்லை. உரிமம் பெற்றவராகப் பார்த்துக்கொள்ளுங்கள். முக்கியமானது, அவர் தட்டச்சு செய்த டிராஃப்டைப் பதிவுக்கு இரண்டு நாள் முன்பே வாங்கி, சொத்து விவரத்தை மூலப்பத்திரத்தோடும் பட்டாவோடும் ஒப்பிடுவது. சர்வே எண்ணில் உட்பிரிவு சரியா, நான்கு எல்லையில் கிழக்கும் மேற்கும் மாறியிருக்கிறதா, சதுர அடி ஒத்துப்போகிறதா, ஆதாரில் உள்ளபடி பெயர் இருக்கிறதா. ஒரு எழுத்து மாறினாலும் பிழைத்திருத்தல் பத்திரத்துக்கு விற்றவர் திரும்ப வந்து கையெழுத்துப் போட வேண்டும். அதற்குள் அவர் மகன் வீட்டுக்கு டொராண்டோ போயிருப்பார்.

பணம் கொடுக்கிற விஷயத்தில் புரோக்கர் சொல்கிற இரண்டு யோசனைகளுக்குக் காது கொடுக்காதீர்கள். ஒன்று, பாதியைக் கையில் ரொக்கமாகக் கொடுங்கள் என்பது. அசையாச் சொத்துக்கு 20 ஆயிரமும் அதற்கு மேலும் ரொக்கமாக வாங்கக் கூடாது என்று வருமான வரிச் சட்டம் சொல்கிறது. அதோடு, பேரம் முறிந்தால் கையில் கொடுத்த பணத்துக்குச் சாட்சி கிடையாது. இன்னொன்று, "டோக்கனை இப்பவே போட்டு வையுங்க, இன்னொரு பார்ட்டி ரெடியா இருக்காங்க" என்பது. அந்த இன்னொரு பார்ட்டி எல்லா வீட்டுக்கும் ரெடியாகத்தான் இருக்கிறார். விலை 50 லட்சமோ அதற்கு மேலோ என்றால், விற்பவருக்குக் கொடுக்கும் தொகையிலிருந்து 1 சதவீதத்தை வரியாகப் பிடித்துக் கட்ட வேண்டியது வாங்குகிறவரின் பொறுப்பு. விற்பவர் வெளிநாடுவாழ் இந்தியர் என்றால் பிடித்தம் இதைவிட மிக அதிகம். ஆடிட்டரைக் கேட்டுக்கொண்டு செய்யுங்கள்.

டோக்கன் கொடுத்தே ஆக வேண்டும் என்ற நிலை வந்தால் சின்னத் தொகையாக, விற்பவரின் வங்கிக் கணக்குக்கே அனுப்புங்கள். புரோக்கர் கணக்குக்கு வேண்டாம். ரசீதில் இந்த ஒரு வாக்கியத்தைச் சேர்த்து, விற்பவரின் கையெழுத்தை வாங்கிக்கொள்ளுங்கள்: "வாங்குபவரின் வழக்கறிஞர் ஆவணங்களைப் பரிசீலித்துத் திருப்தியில்லை என்று கருத்துக் கூறினால், முன்பணம் முழுவதையும் பதினைந்து நாட்களுக்குள் திருப்பித் தருவேன்." இதில் கையெழுத்துப் போட மறுக்கிறவரின் வீட்டை வாங்க வேண்டாம்.